லண்டனில் கல்யாணம், புதுச்சேரியில் பந்தி

2011 ஏப்ரல் 29, வெள்ளிக்கிழமையன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் நடந்த இளவரசர் வில்லியம், கேத்தரின் மிடில்டன் திருமணத்தை, புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பழைய பிரெஞ்சுக்காரர் வீடு ஒன்றைப் புதுப்பித்து நடத்தப்படும் ஓர் உணவகம் பெரிய திரையில் நேரலையாகக் காட்டியது. ஆளுக்கு 450 ரூபாய், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம். பிற்பகல் 2 மணிக்குக் கதவு திறக்கும். ஆங்கிலேயர் முறையில் மாலைத் தேநீர் விருந்து உண்டு. நிகழ்ச்சியைத் தமிழில் விளக்க ஒருவர் இருப்பார் என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். திரை, இருக்கை, விருந்து, விளக்கம் என்ற இந்த நான்கையும் வாங்கிய பணத்துக்கு எந்த அளவுக்கு நிறைவாகச் செய்தார்கள் என்று பார்ப்பதே இம்மதிப்புரையின் நோக்கம். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் உணவகத்தின் பெயரை எழுதவில்லை. சமையலில் பெரிய குறை இல்லை. எதை எப்போது கொண்டுவந்து வைப்பது என்பதில்தான் கோட்டை விட்டார்கள்.

அன்று மண்டபம் நிறைந்திருந்தது. சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்கள் இரண்டு மேசைகளில் இருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் நம்மவர்கள், அவர்களிலும் பாதிக்குமேல் நாற்பது வயதைக் கடந்த பெண்கள். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது எளியது: ஏப்ரல் 13ஆம் தேதி சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்து, மே 13ஆம் தேதிதான் வாக்கு எண்ணிக்கை என்று தமிழகமும் புதுச்சேரியும் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் அது. உலகக் கோப்பையும் ஏப்ரல் 2ஆம் தேதியே கைக்கு வந்துவிட்டது. பேசுவதற்கு ஊருக்கு ஒரு விஷயம் தேவைப்பட்டது. இரண்டாவது காரணம் கொஞ்சம் ஆழமானது. 1997 செப்டம்பரில் டயானாவின் சவப்பெட்டிக்குப் பின்னால், தலையைக் குனிந்தபடி, தம்பியோடு நடந்து போன பதினைந்து வயதுப் பையனைத் தொலைக்காட்சியில் பார்த்து நம் வீட்டுப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த நடை போய் முடிந்ததும் இதே வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில்தான். அந்தப் பையன் அதே வாசல் வழியாக மாப்பிள்ளையாக நுழைவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கும் அரச விசுவாசத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தாயில்லாப் பிள்ளையின் கல்யாணம் என்றால் அழைப்பிதழ் இல்லாமலே போய் நிற்கிற ஊர் நம் ஊர்.

அதற்கும் மேல், இது லேசில் கூடிவந்த கல்யாணமும் அல்ல. இருவரும் 2001இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் சந்தித்தவர்கள். 2007இல் பிரிந்து, பிறகு சேர்ந்தவர்கள். மணமகள் காத்திருந்தே காலத்தைக் கழிக்கிறார் என்று லண்டன் பத்திரிகைகள் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தன. 2010 அக்டோபரில் கென்யாவில் வைத்து மாப்பிள்ளை சம்மதம் கேட்டு, நவம்பர் 16ஆம் தேதி அரண்மனை அறிவித்தது. அப்போது விரலில் மின்னிய டயானாவின் நீலக்கல் மோதிரத்தின் போலிகள் உலகம் முழுவதும் விற்றன. என்னோடு கடலூரிலிருந்து வந்திருந்த என் மாமியாருக்கு அந்த மோதிரத்தைப் பற்றி மட்டும் கடைசிவரை சமாதானம் ஆகவில்லை. நீலம் சனி பகவானுக்குரிய கல், ஜாதகம் பார்க்காமல் போடக்கூடாது, மாமியாருக்கே ராசியில்லாமல் போன கல்லை மருமகள் விரலில் மாட்டலாமா என்பது அவருடைய வாதம்.

வீட்டிலேயே உட்கார்ந்து இலவசமாகப் பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்பவர்கள் கடலூர்க்காரர்களாக இருக்க முடியாது. லண்டனில் முற்பகல் 11 மணி என்றால் நமக்குப் பிற்பகல் 3.30 மணி, அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் அந்த நேரத்தில் மின்சாரம் இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்திருக்க மாட்டார்கள். பெண் காரை விட்டு இறங்கும்போது விசிறி நின்று திரை இருண்டுவிடும் என்ற பயம்தான் எங்களைக் கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் தாண்டிப் பேருந்தில் கொண்டுவந்து சேர்த்தது. மின்னாக்கி உண்டு என்று பலகையின் கீழ்வரியில் எழுதியிருந்ததே உணவகத்தின் சிறந்த விளம்பரம் என்பேன்.

இனி இடத்தைப் பற்றி. நடுவில் முற்றமும் சுற்றிலும் தாழ்வாரமும் உள்ள வீடு. முற்றத்தின் மேலே வெளிச்சம் புகும்படி கூரை போட்டிருக்கிறார்கள். உலகக் கோப்பைப் போட்டிகளுக்காக வாங்கிய புரொஜெக்டரையும் திரையையும் அப்படியே முற்றத்தில் நிறுத்தியிருந்தார்கள். கிரிக்கெட் இரவில் நடந்தது, இது சித்திரை வெயிலில் நடக்கிறது என்ற வித்தியாசத்தை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. முதல் ஒரு மணி நேரம் படம் வெளுத்துப் போய், ஐரிஷ் காவற்படையின் கௌரவக் கர்னல் என்ற முறையில் மாப்பிள்ளை அணிந்திருந்த இரத்தச் சிவப்புச் சட்டை ரோஸ்மில்க் நிறத்தில் தெரிந்தது. வாடிக்கையாளர்கள் சத்தம் போட்ட பிறகு, இரண்டு பையன்கள் ஏணி போட்டு ஏறிக் கறுப்புத் துணியைக் கூரைக்குக் கீழே கட்டினார்கள். 3 மணிக்கெல்லாம் படம் தெளிவாகிவிட்டது. ஆனால் காற்றும் நின்றுவிட்டது. ஒலி மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை பிரமாதம். தேவாலய மணியும் பாடகர் குழுவின் குரலும் அந்த உயரமான சுவர்களுக்கு நடுவில் ஒலித்தபோது, வீட்டுத் தொலைக்காட்சியில் இது கிடைக்காது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

இருக்கைகளில் நியாயம் இல்லை. முன்வரிசைகளில் பிரம்பு நாற்காலி, மெத்தை எல்லாம் உண்டு. தாழ்வாரத்தில் போட்டிருந்தவை பிளாஸ்டிக் நாற்காலிகள். அங்கே உட்கார்ந்தவர்களுக்குத் தூண் பாதித் திரையை மறைத்தது. கட்டணம் எல்லோருக்கும் ஒன்றுதான். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்த ஒரு குடும்பத்தார் சடங்கு முழுவதும் எழுந்து நின்றே பார்த்தார்கள். நம் கல்யாண மண்டபங்களிலும் புகைப்படக்காரர்கள் முதுகைத்தானே பார்க்கிறோம் என்று அவர்களில் ஒருவர் சிரித்தாலும், பணம் கொடுத்து வாங்கிய இடத்தில் அப்படிச் சிரிக்க வைப்பது உணவகத்துக்கு அழகல்ல.

காத்திருந்த நேரத்தில் கூட்டத்தில் எழுந்த விவாதம் நல்ல நேரத்தைப் பற்றியது. வெள்ளிக்கிழமை இராகு காலம் 10.30 முதல் 12 வரை. லண்டன் கடிகாரப்படி முகூர்த்தம் அதற்குள் நேராக விழுகிறது. சரி, நம் ஊர் நேரப்படி பார்த்தால் தப்புமா என்றால், 3.30 மணி வெள்ளிக்கிழமை எமகண்டத்தில் போய் நிற்கிறது. எந்தக் கடிகாரத்தைத் திருப்பினாலும் தப்ப வழியில்லை. நாள் குறித்தவர்களுக்கு இந்தக் கவலை இருந்திருக்க முடியாது. ஏப்ரல் 29 சியன்னா நகரப் புனித கேத்தரினின் திருநாள், மணமகளின் பெயருக்குப் பொருத்தமான நாள் என்பதை விளக்கவுரை சொன்ன இளைஞர் எடுத்துச் சொன்னதும், நாள் நன்றாயிருக்கிறது, நேரம்தான் சரியில்லை என்று பின்வரிசையில் தீர்ப்பாயிற்று.

அந்த இளைஞரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 450 ரூபாயில் பெரும்பகுதி அவருக்கே போயிருந்தாலும் நான் வருத்தப்பட மாட்டேன். எப்போது பேசுவது, எப்போது வாயை மூடிக்கொள்வது என்று அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. ஜெபத்தின்போதும் பாட்டின்போதும் ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிடுவார். விருந்தினர்கள் சாரிசாரியாக நுழைந்த மந்தமான நேரத்தில் மட்டும் யார் எவர் என்று சொல்வார். கால்பந்து வீரர் பெக்காமுக்குக் கிடைத்த கைதட்டலைவிட, மிஸ்டர் பீனாக நடித்த ரோவன் அட்கின்சனும் அழைக்கப்பட்டிருக்கிறார் என்ற செய்திக்குப் பிள்ளைகளிடம் கிடைத்த ஆரவாரம் பெரிது. தேவாலயத்துக்குள் தொட்டியோடு கொண்டுவந்து நிறுத்தியிருந்த மேப்பிள் மரங்களைக் காட்டி, நம் ஊரில் வாழைமரம் கட்டுவதுபோல என்று சொல்லாமல், அவற்றின் பெயரையும் இருபது அடி உயரத்தையும் மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். அந்த அடக்கம் எனக்குப் பிடித்தது.

ஓரிடத்தில் மட்டும் அவர் சறுக்கினார். எலிசபெத் ராணியின் திருமணத்துக்குக் காந்தியடிகள் ஒரு கோவணத்தை அனுப்பிவைத்தார் என்று சொல்லிச் சிரிப்பை வாங்கினார். நடந்தது அதுவல்ல. 1947 நவம்பரில் நடந்த அந்தத் திருமணத்துக்குக் காந்தி அனுப்பியது, தம் கையால் நூற்ற நூலைக் கொண்டு பின்னப்பட்ட பருத்தி விரிப்பு. நடுவில் ‘ஜெய் ஹிந்த்’ என்ற எழுத்துகள் இருந்தன. பரிசுப் பொருள்களோடு அதைப் பார்வைக்கு வைத்தபோது, மணமகளின் பாட்டியான மேரி ராணிதான் அதைக் கோவணம் என்று எண்ணி முகம் சுளித்தார். அதே திருமணத்துக்கு ஐதராபாத் நிஜாம் வைர நெக்லஸும் கிரீடமும் கொடுத்தார். இந்தியா சுதந்திரம் வாங்கி மூன்று மாதமே முடிந்திருந்த சமயத்தில் இந்த இரண்டு பரிசுகளும் ஒரே மேடைக்குப் போய்ச் சேர்ந்தன என்பது, கோவண நகைச்சுவையைவிட எவ்வளவோ சுவையான செய்தி. அடுத்த முறை அவர் அதைச் சொல்லட்டும்.

இப்போது முக்கியமான குற்றச்சாட்டுக்கு வருகிறேன். திருமண நிகழ்ச்சி நிரலை அரண்மனை முன்கூட்டியே நிமிடக் கணக்கில் வெளியிட்டிருந்தது. பெண் விடுதியிலிருந்து புறப்படுவது 10.51, அதாவது நமக்கு மாலை 3.21, தேவாலயத்துக்குள் அடியெடுத்து வைப்பது 11 மணி, அரண்மனை மாடத்தில் தம்பதியர் தோன்றுவது 1.25, நமக்கு 5.55. நாளிதழ்களிலும் வந்த பட்டியல் இது. நம் கல்யாணங்களில் முகூர்த்த நேரம் ஒன்றுதான் அசையாதது. மாப்பிள்ளை அழைப்பு முதல் பந்தி வரை மற்ற எல்லாம் அதற்கு முன்னும் பின்னும் நகர்ந்துகொள்ளும். அங்கே எல்லாமே முகூர்த்தம். அந்தப் பட்டியலைக் கத்தரித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்தால் போதும், நான் கீழே எழுதப்போவது நடந்திருக்காது.

இந்தத் திருமணத்தில் எல்லோரும் மாதக்கணக்கில் காத்திருந்தது ஒரே ஒரு இரகசியத்துக்கு: கல்யாண உடை. யார் தைக்கிறார்கள் என்றுகூட வெளியில் தெரியாமல் காத்தார்கள். அலெக்சாண்டர் மெக்வீன் நிறுவனத்தின் சாரா பர்ட்டன்தான் வடிவமைத்தார் என்பது கல்யாணத்தன்றுதான் உறுதியாயிற்று. லேஸ் பூவேலை செய்தவர்கள் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் இயங்கும் அரச தையற்கலைப் பள்ளியைச் சேர்ந்தவர்கள். வெள்ளைத் துணியில் அழுக்குப் படாமலிருக்க அரைமணிக்கு ஒருமுறை கைகழுவி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசியை மாற்றினார்களாம். தலையில் இருந்தது மாப்பிள்ளையின் பாட்டியார் எலிசபெத் ராணி இரவல் கொடுத்த 1936ஆம் ஆண்டுக் கார்ட்டியே கிரீடம். இத்தனை பேர் இத்தனை மாதம் கட்டிக்காத்த உடையை, காரின் கதவு திறந்து, தங்கை பிப்பா குனிந்து பின்னங்கியை எடுத்து விரித்து, முழுதாகக் காட்டிய அந்தச் சில நொடிகளில்தான் எங்கள் உணவகம் விருந்து பரிமாறத் தொடங்கியது.

மூன்றடுக்குத் தட்டுகளைத் தலைக்கு மேலே தூக்கியபடி நான்கு பணியாளர்கள் புரொஜெக்டர் வெளிச்சத்தின் குறுக்கே வரிசையாக வந்தார்கள். திரையில் மணமகளின் முகத்தின் மேல் ஒரு தட்டின் நிழல் அடுக்கடுக்காக விழுந்து, மெதுவாக நகர்ந்து, பின்னங்கியின் மேல் போய் நின்றது. “தம்பி, குனிப்பா!” என்று கத்தியவர்களில் முதல் குரல் என் மாமியாருடையது. அந்தப் பையன் பதறிப்போய்க் குனிய, அடுத்த பையன் அவன்மேல் இடிக்க, மேல்தட்டுக் கேக்குத் துண்டு ஒன்று ஒரு அம்மாளின் பட்டுப்புடவை மடியில் விழுந்தது. இதெல்லாம் முடிந்து நாங்கள் நிமிர்ந்து பார்த்தபோது பெண் உள்ளே போய்விட்டார். உடையின் பின்பக்கத்தை அன்று இரவுச் செய்தியில்தான் ஒழுங்காகப் பார்த்தேன்.

பரிமாறுவதற்கு நேரமே இல்லாமலில்லை. மணமக்கள் திறந்த சாரட்டில் அரண்மனைக்கு வந்து சேர்ந்த பிறகு, 5 மணிக்கும் 5.55 மணிக்கும் இடையே திரையில் கூட்டத்தையும் கொடிகளையும் ஓடிய காட்சிகளையுமே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். தேநீருக்கென்றே செய்துவைத்த இடைவெளி அது. நம் ஊர் வழக்கத்துக்கும் அதுதான் டிபன் நேரம். கிட்டத்தட்ட ஒரு மணி நேரமான அந்த இடைவெளியில் எங்கள் மேசைகள் வெறுமையாக இருந்தன.

விருந்தைத் தட்டின் கீழடுக்கிலிருந்து சொல்கிறேன். ஓரம் வெட்டிய ரொட்டியில் வெண்ணெய் தடவி வெள்ளரிக்காய் வைத்த சாண்ட்விச், முட்டை சாண்ட்விச், புதினாச் சட்னி சாண்ட்விச் என்று மூன்று வகை. வெள்ளரிக்காயை நீர் வடியவிடாமல் வைத்திருந்ததால் ரொட்டி நனைந்து போயிருந்தது. புதினாச் சட்னி மட்டும் காரமும் புளிப்புமாக, ஆங்கிலேயர் விருந்தில் நம் பங்கு இது என்று சொல்லும்படி இருந்தது. ஆனால் மூன்றையும் ஒரே தட்டில் தொட்டுக்கொண்டிருக்கும்படி அடுக்கியதை மன்னிக்க முடியாது. வெள்ளிக்கிழமை, கூட்டத்தில் பாதிப் பேர் கவிச்சி தொடாதவர்கள். எது முட்டை, எது சைவம் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட வைக்கவில்லை. என் மாமியார் கேக்கில் முட்டை உண்டா என்று கேட்டதற்கு, “லேசா இருக்கும்மா” என்று பதில் வந்தது. அவர் அன்று சாப்பிட்டது ஜாம் மட்டும்.

நடு அடுக்கில் ஸ்கோன் என்ற சிறு ரொட்டி. உதிரியாக, சூடாக வர வேண்டிய பண்டம். இது ஆறி இறுகியிருந்தது. கூடவே வைத்த கிரீமில் சர்க்கரை அதிகம். ஸ்கோனைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

மேலடுக்கில்தான் இந்தச் சமையலறையின் கைவண்ணம் தெரிந்தது. லண்டன் கல்யாணத்துக்கு ஃபியோனா கெய்ர்ன்ஸ் செய்த கேக்கு, உலர்பழங்களைச் சாராயத்தில் ஊறவைத்துச் செய்யும் பாரம்பரியப் பழக்கேக்கு. எட்டு அடுக்கு, அதன்மேல் சர்க்கரையில் செய்த 900 பூக்கள். அதை நகல் எடுக்க முயலாமல், புதுச்சேரிக் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் விவிக்கம் கேக்கையே இவர்கள் வைத்தார்கள். ரவை, வெண்ணெய், ரம்மில் ஊறிய திராட்சை, முந்திரி, எலுமிச்சைத் தோல், ஜாதிக்காய். வெட்டிய பக்கத்தில் ரவையின் மணிமணியான சொரசொரப்பு கண்ணுக்கே தெரிந்தது. வாயில் போட்டால் முதலில் வெண்ணெய், பிறகு ரம்மின் சூடு, கடைசியில் ஜாதிக்காய். டிசம்பரில் தெரிந்தவர் வீட்டிலிருந்து ஒரு துண்டு வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்ற பண்டத்தை ஏப்ரலில் விலைக்குக் கிடைக்கச் செய்ததற்காகவே இவர்களைப் பாராட்ட வேண்டும். அரண்மனைக் கேக்கு எப்படி இருந்ததோ, இதைச் சாப்பிட்டவர்களுக்கு அந்தக் கவலை எழவில்லை.

அதன் பக்கத்திலேயே சாக்லேட் பிஸ்கட் கேக்கும் இருந்தது. மாப்பிள்ளைக்குச் சிறுவயதிலிருந்தே பிடித்ததென்று அரண்மனை தனியாகச் சொல்லிச் செய்யவைத்த பண்டம். அடுப்பில் வேகவைப்பதில்லை, உருக்கிய சாக்லேட்டில் ரிச் டீ பிஸ்கட்டை உடைத்துப் போட்டு இறுகவைப்பதுதான். லண்டன் குளிரில் அது இறுகியே இருக்கும். காற்றில்லாத முற்றத்தில், பரிமாறி அரைமணி நேரத்தில், வாக்குறுதிகள் முடிவதற்குள் அது தட்டில் படர்ந்துவிட்டது. ஐந்து மணிக்குக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துவந்திருந்தால் தேவாமிர்தமாக இருந்திருக்கும்.

தேநீரைக் குவளையில் சாயமாகவும், பாலைத் தனியாகவும் கொடுத்தார்கள். முறை அதுதான்; ஆனால் பால் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தது. “நல்லா கொதிக்கவெச்ச டீ ஒண்ணு கிடைக்குமா தம்பி?” என்று மேசைக்கு மேசை கேட்டதும், கடைசியில் கண்ணாடித் தம்ளரில் இஞ்சி தட்டிப் போட்ட டீ வந்தது. அருமையான டீ. அதற்குத் தனியாக 30 ரூபாய் வாங்கினார்கள். தேநீர் விருந்தில் தேநீருக்குத் தனிக்காசு வாங்கிய புண்ணியத்தையும் சேர்த்துக்கொண்டார்கள்.

சடங்கு நேரத்தில் கூட்டத்தின் நடத்தைக்கு உணவகம் பொறுப்பல்ல; ஆனாலும் அதைச் சொல்லாவிட்டால் அங்கே வாங்கியதன் பாதியைச் சொல்லாததாகும். மாப்பிள்ளை வேல்ஸ் நாட்டுத் தங்கத்தில் செய்த மோதிரத்தைப் பெண்ணின் விரலில் போட்டபோது அது கணுவில் மாட்டிக்கொண்டு ஏற மறுத்தது. அவர் அழுத்தித் தள்ளிய அந்த நொடியில் தாழ்வாரத்திலிருந்து ஒருவர் “கெட்டிமேளம், கெட்டிமேளம்!” என்று குரல் கொடுக்க, முற்றம் முழுவதும் கைதட்டியது. வெள்ளைக்காரர் மேசையில் இருந்தவர்கள் என்னவென்று புரியாமலே தட்டினார்கள். மாப்பிள்ளை மோதிரம் போட்டுக்கொள்ளப் போவதில்லை, கணவனுக்குக் கீழ்ப்படிந்து நடப்பேன் என்ற பழைய வாசகத்தைப் பெண்ணும் சொல்லப்போவதில்லை என்று இளைஞர் விளக்கியதும், கணக்கு சரியாகப் போய்விட்டது என்று என் மாமியார் மகிழ்ந்தார்.

என் பக்கத்து மேசையில் பிரெஞ்சு இராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கும் சொல்தா ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். ஜூலை 14 வந்தால் பதக்கங்களை மாட்டிக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போகிறவர் என்று பேச்சில் தெரிந்தது. “எங்க பிரான்சுல ராஜா ராணி கணக்கை 1793லயே தீர்த்தாச்சும்மா” என்று தொடக்கத்திலேயே அறிவித்தவர், கடைசிவரை எழுந்திருக்கவில்லை; விவிக்கத்தில் இன்னொரு துண்டையும் கேட்டு வாங்கினார். 1758இல் இங்கிருந்து பிரெஞ்சுத் தளபதி லாலி படையோடு வந்து எங்கள் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையைப் பிடித்ததும், 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து நகரத்தையே இடித்துத் தள்ளியதும் அவருக்குத் தேதியோடு தெரிந்திருந்தது. சரியாக 250 வருடம் கழித்து, இடித்தவர்கள் வீட்டுக் கல்யாணத்தை இடிபட்ட ஊரில் காசு கொடுத்துப் பார்க்கிறோம் என்று சொல்லி, கேக்குக்காகத்தான் வந்தேன் என்றார்.

மாடக் காட்சியை உணவகம் கெடுக்கவில்லை. இன்னும் சற்று நேரத்தில் முத்தம் என்று இளைஞர் நாசூக்காக எச்சரித்து, பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லிச் சிரிக்கவைத்தார். முதல் முத்தம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. அரண்மனைக்கு வெளியே நின்றவர்களைப் போலவே இங்கேயும் விசில் அடித்து இரண்டாவதைக் கேட்டார்கள், அதுவும் கிடைத்தது. கூட்டத்தின் இரைச்சலைத் தாங்காமல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்த, மாடத்தில் மணமக்களோடு நின்ற சின்னப் பெண்தான் எங்கள் முற்றத்தில் கதாநாயகி. ஆனால் இதைப் பார்க்காதவர்களும் இருந்தார்கள். மாலை 6 மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். வண்டியை அங்கே விட்டுவிட்டு வந்தவர்கள் ஐந்தே முக்காலுக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். திரும்பி வந்தபோது லங்காஸ்டர், ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களின் வாலைத்தான் பார்த்தார்கள். கட்டணச் சீட்டிலேயே ஒரு வரி அச்சிட்டிருந்தால் இந்த ஓட்டத்தைத் தவிர்த்திருக்கலாம்.

உலகமெங்கும் இருநூறு கோடிப் பேர் பார்ப்பார்கள் என்று பிரிட்டன் அமைச்சர் ஒருவர் முன்கூட்டியே கணக்குச் சொன்னார். யார் எங்கே எண்ணினார்களோ, எங்கள் முற்றத்துக்கு ஒருவரும் எண்ண வரவில்லை.

புறப்படும்போது தாம்பூலப் பை கொடுத்தார்கள். வெற்றிலை பாக்கு, ஒரு காகிதக் கொடி, எண்ணெய்த் தாளில் சுற்றிய விவிக்கம் ஒரு துண்டு. வர முடியாதவர்களுக்குக் கல்யாணக் கேக்கை அனுப்பிவைக்கும் ஆங்கிலேயர் வழக்கத்தையும் நம் தாம்பூலத்தையும் சத்தமில்லாமல் இணைத்திருந்தார்கள். 450 ரூபாய் சாண்ட்விச்சுக்கும் ஸ்கோனுக்கும் அதிகம். விவிக்கம், ஒலி, விளக்கவுரை மூன்றுக்கும் சேர்த்துப் பார்த்தால் நியாயம்.

அதே 2011 ஜூலை 2ஆம் தேதி, சனிக்கிழமை, மொனாக்கோ இளவரசர் இரண்டாம் ஆல்பெர்ட்டுக்கும் தென்னாப்பிரிக்க நீச்சல் வீராங்கனை சார்லீனுக்கும் நடக்கவிருந்த திருமணத்தையும் காட்டப்போவதாக வாசல் பலகையில் அப்போதே எழுதிவிட்டார்கள். பிரெஞ்சு பேசும் அரண்மனை என்பதால் இந்த ஊருக்கு அது இன்னும் நெருக்கம். சொல்தா பெரியவர் அங்கேயே பெயர் கொடுத்துவிட்டார். இப்படிப்பட்ட நிகழ்ச்சிக்குப் போக நினைப்பவர்கள் சீட்டு வாங்கும்போதே முற்றத்துப் பிரம்பு நாற்காலி வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சைவம் என்றால் முன்பே சொல்லித் தனித்தட்டு கேளுங்கள். வண்டியைக் கடற்கரைச் சாலையில் விடாதீர்கள். நிகழ்ச்சி நிரல் பத்திரிகையில் வந்ததும் ஒரு படி எடுத்துக்கொண்டுபோய், பெண் வந்து இறங்கும் நேரத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு மேலாளர் கையில் கொடுத்துவிடுங்கள்.